கவுன்டி தளத்தில் பெயர் இருந்தால் போதுமா?

"கவுன்டி சைட்ல போட்டுப் பார்த்துட்டேன், அவர் பேர்லதான் இருக்கு." அமெரிக்காவில் வீடோ மனையோ வாங்கப்போகும் தமிழர்கள் கூடும் இடத்தில் இந்த ஒரு வாக்கியம் வந்துவிட்டால் அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்பதில்லை. இந்த நாட்டில் நிலப் பதிவுகள் எல்லாம் திறந்து கிடக்கின்றன, முகவரியைத் தட்டினால் உரிமையாளர் யார் என்று அரசாங்கமே சொல்லிவிடும், ஊரில் படுகிற பாடு இங்கே இல்லை என்ற நம்பிக்கை அவ்வளவு ஆழமாக வேரோடியிருக்கிறது. படித்தவர்கள், கணக்கில் கெட்டிக்காரர்கள், ஒரு கார் வாங்க மூன்று மாதம் ஆராய்கிறவர்கள் இதை நம்புகிறார்கள். இது அடியோடு தவறு. அமெரிக்காவின் பெரும்பாலான கவுன்டிகளில் எந்த அலுவலகமும் எந்த இணையப் பக்கமும் 'இந்த நிலம் இன்னாருக்குச் சொந்தம்' என்று சான்று தருவதில்லை. தருவோம் என்று அவை என்றைக்கும் சொன்னதும் இல்லை.

ஊரில் இவர்கள் இப்படி இல்லை என்பதுதான் என் ஆற்றாமை. செங்கல்பட்டுப் பக்கம் அரை கிரவுண்டு வாங்குவதாக இருந்தாலும் 30 வருடத்து வில்லங்கச் சான்று போட்டுப் பார்ப்பார்கள். மூலப்பத்திரத்தைக் கேட்பார்கள், வக்கீலிடம் கொடுத்துக் கருத்து வாங்குவார்கள், பட்டா யார் பெயரில் என்று தனியாக விசாரிப்பார்கள். வீட்டு வரி ரசீதை மட்டும் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் வீட்டை விற்க வந்தால் உட்காரக்கூடச் சொல்ல மாட்டார்கள். அதே ஆட்கள் டாலஸிலும் எடிசனிலும் பார்த்துவிட்டுத் திருப்தி அடைவது அந்த வரி ரசீதைத்தான். முகவரியைத் தட்டியதும் திரையில் வருவது பெரும்பாலும் வரி மதிப்பீட்டாளரின் பக்கம். அதில் உள்ள பெயர், வரிச்சீட்டை யாருக்கு அனுப்புவது என்பதற்கான பெயர்.

அலுவலகங்களைப் பிரித்துப் பார்த்தாலே விஷயம் புரியும். கலிஃபோர்னியாவில் சொத்துக்கு வரிமதிப்பு போடுகிறவர் அசெசர், பணம் வசூலிக்கிறவர் டாக்ஸ் கலெக்டர், பத்திரங்களைப் பதிகிறவர் ரெக்கார்டர். டெக்சஸில் மதிப்பு போடும் அப்ரெய்சல் டிஸ்ட்ரிக்ட் கவுன்டி நிர்வாகத்தின் கிளைகூட இல்லை, தனி அமைப்பு. பத்திரம் பதிவது கவுன்டி கிளார்க்கின் வேலை. மதிப்பு போடுகிறவர் பதிவான பத்திரத்தைப் பார்த்துத் தன் பட்டியலில் பெயரை மாற்றிக்கொள்கிறார். இன்று பதிவான பத்திரம் அந்தப் பட்டியலில் எப்போது ஏறும் என்பது அந்த அலுவலகத்தின் வேகத்தைப் பொறுத்தது. இரண்டு மாநிலங்களிலும் மதிப்புக்குரிய தேதி ஜனவரி 1. அந்தப் பட்டியலை நடத்துகிறவரின் கவலை வரி வருமா என்பது ஒன்றுதான். இரண்டு சகோதரர்களுக்கிடையே வழக்கு நடக்கிறதா, விற்றவரின் மனைவி கையெழுத்துப் போட்டாரா, பழைய கடன் தீர்ந்ததா என்பதெல்லாம் அவர் மேசைக்கு வருவதில்லை.

அந்தப் பக்கத்தில் உள்ள தொகையாவது உண்மையா என்றால் அதுவும் நினைப்பது போல இல்லை. கலிஃபோர்னியாவில் 1978இல் மக்கள் வாக்களித்து நிறைவேற்றிய 13ஆம் முன்மொழிவு, அடிப்படை வரியை வரிமதிப்பில் 1 சதவீதத்துக்குள்ளும், வரிமதிப்பின் ஆண்டு உயர்வை 2 சதவீதத்துக்குள்ளும் கட்டிப்போட்டது. வீடு கைமாறும்போதுதான் மதிப்பு சந்தை விலைக்குத் தாவும். 1980இல் ஒரு லட்சம் டாலருக்கு வாங்கிய வீட்டை எடுத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 2 சதவீதம் முழுதாக ஏறினாலும் 45 ஆண்டில் அதன் வரிமதிப்பு சுமார் 2,44,000 டாலர்தான். அடிப்படை வரி 2,440 டாலர். அதே வீட்டை நீங்கள் 15 லட்சம் டாலருக்கு வாங்கினால் உங்கள் அடிப்படை வரி 15,000. விற்கிற முதியவரின் வரிப் பக்கத்தைப் பார்த்து மாதச் செலவுக்குக் கணக்குப் போட்டவர் ஆறு மடங்கு ஏமாறுகிறார். டெக்சஸிலோ விற்பனை விலையை அரசிடம் தெரிவிக்க வேண்டும் என்ற கட்டாயமே கிடையாது. பத்திரத்தில் பெரும்பாலும் 'பத்து டாலரும் பிற மதிப்புள்ள பிரதிபிரயோசனமும்' என்று எழுதி முடித்துவிடுவார்கள். அங்கே திரையில் தெரியும் தொகை அப்ரெய்சல் டிஸ்ட்ரிக்ட் போட்ட மதிப்பீடு. சரி, வரி கட்டிக்கொண்டே வருகிறாரே, அது உரிமைக்கு ஆதாரம் இல்லையா? கலிஃபோர்னியாவில் அடுத்தவர் நிலத்தை எதிரிடையாக அனுபவித்து உரிமை கோருகிறவர் 5 ஆண்டு வரியும் கட்டியிருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. உரிமை இல்லாத ஒருவரும் வரி கட்டலாம், கட்டுகிறார் என்பதை ஒப்புக்கொண்டுதான் அந்தச் சட்டமே எழுதப்பட்டிருக்கிறது.

இங்கே கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் குறுக்கிடுவார்கள். வரிப் பக்கத்தை விடுங்கள், ரெக்கார்டர் அலுவலகத்தில் பதிவான பத்திரத்தையே பார்த்துவிட்டேன் என்பார்கள். நல்லது, முதல் ஆளைவிட இவர் ஒரு படி மேல். ஆனாலும் வந்து சேரவில்லை. அமெரிக்கப் பதிவுமுறையின் வேர் 1640இல் மாசச்சூசெட்ஸ் குடியேற்றம் இயற்றிய சட்டத்தில் இருக்கிறது. ஒரே நிலத்தை இரண்டு பேருக்கு விற்கிற மோசடியைத் தடுக்க, விற்பனையை ஊரறியப் பதிந்து வை என்றது அந்த ஏற்பாடு. அதன் நோக்கம் அறிவிப்பு. விற்பனை உண்மையா, விற்றவருக்கு உரிமை இருந்ததா என்று தீர்ப்புச் சொல்வதை அது தன் வேலையாக எடுத்துக்கொள்ளவே இல்லை. இன்றைக்கும் அதே நிலைதான். பதியாத பத்திரம் எழுதிக்கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் இடையே செல்லும். மூன்றாம் ஆள் வந்து போட்டியிடும்போதுதான் பதிவு கணக்குக்கு வருகிறது. அந்தக் கணக்கும் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. வட கரோலினாவில் யார் முதலில் பதிந்தாரோ அவர் வென்றார். வேறு பல மாநிலங்களில், முந்தைய விற்பனை தெரிந்தே வாங்கியவர் ஓடிப்போய் முதலில் பதிந்தாலும் பலன் இல்லை. ஒருவருக்கு என்ன தெரிந்திருந்தது என்பதைப் பத்திரத்தின் எந்த வரியில் படிப்பது?

பதிவு அலுவலர் பார்ப்பது படிவம் சரியா, நோட்டரி முத்திரை இருக்கிறதா, கட்டணம் வந்ததா என்பதை. 2008 டிசம்பரில் நியூயார்க்கின் டெய்லி நியூஸ் பத்திரிகை இதைச் செய்தே காட்டியது. இல்லாத ஒரு நிறுவனத்தின் பெயரில் எம்பயர் ஸ்டேட் கட்டடத்துக்கு ஒரு போலிப் பத்திரம் தயாரித்து நகரப் பதிவு அலுவலகத்தில் கொடுத்தார்கள். சாட்சியாக இருந்த பெயர் ஃபே ரே, அந்தக் கட்டடத்தின் உச்சியில் குரங்கின் கையில் அலறிய 'கிங் காங்' படத்து நடிகை. நோட்டரியாக இருந்த பெயர் வில்லி சட்டன், நாடறிந்த வங்கிக் கொள்ளைக்காரன். 90 நிமிடத்தில் வேலை முடிந்தது, பத்திரம் பதிவாகிவிட்டது. பத்திரிகை பிறகு கட்டடத்தைத் 'திருப்பிக் கொடுத்தது'. சட்டப்படி அது ஒரு கணம்கூடக் கைமாறவில்லை. போலிக் கையெழுத்துப் போட்ட பத்திரம் செல்லாது, பதிந்தாலும் செல்லாது. அந்த இடைவெளியில் பதிவேட்டைப் பார்த்த ஒருவர் என்ன முடிவுக்கு வந்திருப்பார் என்பதை யோசியுங்கள். உலகமே அறிந்த கட்டடம் என்பதால் யாரும் ஏமாறவில்லை. அடையாளம் தெரியாத ஒரு தெருவில், பூட்டிக் கிடக்கும் ஒரு விதவையின் வீட்டுக்கு இது நடந்தால் அவர் நீதிமன்றம் ஏறித்தான் மீள வேண்டும்.

2024இல் மெம்பிஸ் நகரத்தில் எல்விஸ் பிரெஸ்லியின் கிரேஸ்லேண்ட் மாளிகையை ஏலம் விட ஒரு போலி நிறுவனம் முயன்றது. எல்விஸின் மகள் 38 லட்சம் டாலர் கடன் வாங்கி மாளிகையை அடமானம் வைத்ததாகச் சொன்னார்கள். அடமானப் பத்திரம் ஷெல்பி கவுன்டியில் பதிவே ஆகவில்லை. அதில் முத்திரை இருந்த ஃபுளோரிடா நோட்டரி, அவரை நான் சந்தித்ததே இல்லை என்று எழுதிக்கொடுத்தார். மே 22 அன்று நீதிமன்றம் ஏலத்தை நிறுத்தியது. பதியாத காகிதத்தை வைத்துக்கொண்டே ஏல அறிவிப்பு வரை போக முடிந்தது. நியூயார்க்கில் பொய் பதிவாகியிருந்தது, மெம்பிஸில் பதிவேடு சுத்தமாக இருந்தும் பொய் நடமாடியது. இரண்டையும் வைத்துப் பார்த்த பிறகும் 'சைட்ல பார்த்துட்டேன்' என்று சொல்ல எப்படி மனம் வருகிறது?

அடுத்த வாதம், எல்லாம் ஆன்லைனில் இருக்கிறது என்பது. எந்த எல்லாம்? இந்த நாட்டில் கவுன்டிகளும் அவற்றுக்கு இணையானவையும் 3,100க்கு மேல். கனெக்டிகட், ரோட் ஐலண்ட், வெர்மான்ட் மாநிலங்களில் பத்திரப் பதிவு கவுன்டியிடமே இல்லை, ஒவ்வொரு ஊரின் கிளார்க்கிடம் இருக்கிறது. லூசியானாவில் கவுன்டி என்ற அமைப்பே இல்லை, பாரிஷ். ஹவாயில் மாநிலம் முழுமைக்கும் ஒரே அலுவலகம். நியூயார்க் நகரத்தின் ஆக்ரிஸ் தளத்தைப் பலரும் மெச்சுவார்கள், மெச்சத்தக்கதுதான். ஆனால் அது தொடங்குவது 1966இல், ஸ்டேடன் ஐலண்ட் பத்திரங்களுக்கு ரிச்மண்ட் கவுன்டி கிளார்க்கிடம் போக வேண்டும். ஒரு தளத்தில் தேடி ஒன்றும் வரவில்லை என்றால் வில்லங்கம் இல்லை என்று பொருள் கொள்கிறார்கள். தேடிய காலத்துக்கு முன்னால் போடப்பட்ட பாதை உரிமை, நீதிமன்றத்தின் வேறு பதிவேட்டில் இருக்கும் வாரிசு வழக்கு, விவாகரத்துத் தீர்ப்பு இவையெல்லாம் அந்தத் தேடலில் விழாமலே போகலாம்.

இதைவிடப் பெரிய சிக்கல் பெயரில் இருக்கிறது. தமிழர்களுக்கு இது தனியாகச் சொல்லப்பட வேண்டிய சங்கதி. பல மாநிலங்களில் பத்திரப் பதிவேட்டின் அட்டவணை, எழுதிக்கொடுத்தவர் பெயர், எழுதி வாங்கியவர் பெயர் என்ற இரண்டு வரிசையில் இருக்கிறது. தேடுகிறவர் இன்றைய விற்பனையாளரை வாங்கியவர் வரிசையில் கண்டுபிடித்து, அவருக்கு விற்றவரை மறுபடி வாங்கியவர் வரிசையில் பிடித்து, இப்படிப் படிப்படியாகப் பின்னால் போக வேண்டும். பிறகு அந்த ஒவ்வொருவரையும் அவர் கையில் நிலம் இருந்த காலத்துக்கு எழுதிக்கொடுத்தவர் வரிசையில் தேடி, என்ன அடமானம் வைத்தார், எது தீர்ந்தது என்று முன்னால் வர வேண்டும். எல்லாமே கடைசிப் பெயரை வைத்துத்தான். நமக்கோ கடைசிப் பெயர் என்று ஒன்று கிடையாது. அப்பா பெயர் கடைசிப் பெயராக ஏறும், சிலருக்குத் தன் பெயரே கடைசிப் பெயராகி முதற்பெயர் இடத்தில், 'முதற்பெயர் தெரியவில்லை' என்பதன் ஆங்கிலச் சுருக்கமான எஃப்என்யு என்ற மூன்று எழுத்து உட்கார்ந்துகொள்ளும்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். சுப்ரமணியனின் மகன் செந்தில்குமார் வீடு வாங்குகிறார். பத்திரத்தில் 'சுப்ரமணியன், செந்தில்குமார்'. ஐந்து வருடம் கழித்துக் குடியுரிமை வாங்கும்போது பெயரைச் சுருக்கி 'செந்தில் குமார்' என்று இரண்டாகப் பிரித்துக்கொள்கிறார். வட்டி குறைந்ததும் கடனை மாற்றி எழுதுகிறார்; புதிய அடமானம் 'குமார், செந்தில்' என்று பதிவாகிறது. சுப்ரமணியன் என்று தேடுகிறவருக்கு வீடு வாங்கியது தெரியும், புதிய கடன் தெரியாது. குமார் என்று தேடுகிறவருக்குக் கடன் தெரியும், அவருக்கு வீடு எப்படி வந்தது என்று தெரியாது. ஆங்கிலத்தில் சுப்ரமணியனின் கடைசி எழுத்து 'எம்' என்றும் 'என்' என்றும் மாறி மாறி விழுந்திருந்தால் இன்னும் ஒரு சந்து. இப்படிச் சங்கிலியில் சேராமல் தனியாகத் தொங்கும் பத்திரத்தால், அடுத்து வாங்குகிறவருக்கு அறிவிப்புப் போய்ச் சேர்ந்ததா என்பதே வழக்காகிவிடும். இதில் மோசடி செய்தவர் யாரும் இல்லை. ஆனாலும் வீட்டை விற்கப் போகும்போதோ, அவர் காலத்துக்குப் பிறகு பிள்ளைகள் மாற்றப் போகும்போதோ எல்லோரும் அல்லாடுவார்கள்.

'அவர் பேர்லதான் இருக்கு' என்பதில் இன்னொரு ஓட்டை. டெக்சஸ், கலிஃபோர்னியா போன்ற மாநிலங்களில் திருமணத்துக்குப் பின் சேர்த்த சொத்து, யார் பெயரில் வாங்கியிருந்தாலும், பொதுவாகக் கணவன் மனைவி இருவருக்கும் பொதுச்சொத்து என்றே சட்டம் முதலில் எடுத்துக்கொள்கிறது. டெக்சஸில் குடும்பம் குடியிருக்கும் வீட்டை மனைவியின் கையெழுத்து இல்லாமல் கணவன் விற்க மாநில அரசியல் சட்டமே இடம் கொடுப்பதில்லை. கணவன் ஒருவர் பெயர் மட்டும் உள்ள பக்கத்தைப் பார்த்து முன்பணம் கொடுத்தவர் பாதிக் கதையைத்தான் படித்திருக்கிறார்.

பதிவேட்டில் உள்ள பெயர் வேண்டுமென்றே வேறாக வைக்கப்பட்ட காலமும் உண்டு. கலிஃபோர்னியா 1913இல் அயலார் நிலச் சட்டம் கொண்டுவந்தது, 1920இல் இறுக்கியது. குடியுரிமை பெறத் தகுதி இல்லாதவர் நிலம் வாங்கக் கூடாது என்றது. 1923இல் பகத் சிங் திண்ட் வழக்கில் இந்தியர்களுக்குக் குடியுரிமைத் தகுதி இல்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்னதும் அந்தக் கத்தி இம்பீரியல் பள்ளத்தாக்கில் உழுதுகொண்டிருந்த பஞ்சாபி விவசாயிகள் தலைமேல் விழுந்தது. அவர்கள் அமெரிக்காவில் பிறந்த பிள்ளைகள் பெயரிலும், நம்பிக்கையான வெள்ளைக்காரர்கள் பெயரிலும் நிலத்தை எழுதி வைத்துவிட்டு உழுதார்கள். 1946இல் இந்தியர்களுக்குக் குடியுரிமைத் தகுதி கிடைக்கும்வரை இந்தக் கட்டாயம் நீடித்தது. 1952இல் மாநில உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தையே செல்லாது என்று சொன்னது. அந்த ஆண்டுகளின் பதிவேட்டைப் பெயர் பார்த்து மட்டும் படிக்கிறவர், அந்த மண்ணில் வியர்வை சிந்தியவர்களை ஒருவரைக்கூடக் காண மாட்டார்.

இன்று பெயரை மறைப்பது வசதி உள்ளவர்களின் பழக்கம். எல்எல்சி ஒன்றைத் தொடங்கி அதன் பெயரில் மாளிகை வாங்கலாம். மன்ஹாட்டனிலும் மயாமியிலும் ரொக்கத்துக்கு விற்கும் உயர்விலை வீடுகளுக்குப் பின்னால் உண்மையில் யார் இருக்கிறார்கள் என்பதைக் கவுன்டிப் பதிவேட்டால் சொல்ல முடியாததால்தான், 2016இல் நடுவண் கருவூலத் துறை டைட்டில் காப்பீட்டு நிறுவனங்களைக் கேட்டுச் சொல்லும்படி உத்தரவிட்டது. வீட்டுக்கடன் பதிவும் அப்படித்தான். 1995இல் கடன் தொழிலில் உள்ளவர்கள் சேர்ந்து மெர்ஸ் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். கவுன்டியில் அடமானம் மெர்ஸ் பெயரில் ஒருமுறை பதிவாகும். அதன் பிறகு கடன் எத்தனை கை மாறினாலும் கவுன்டிக்குச் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் வீட்டுக் கடனை இன்று வைத்திருப்பது யார் என்று உங்கள் கவுன்டிக்கே தெரியாமல் இருக்கலாம்.

பாதிப்பு யாருக்கு என்று பார்த்தால், ஏழைகளுக்கும் முதியவர்களுக்கும்தான். தென்மாநிலங்களில் கறுப்பினக் குடும்பங்கள் பலவற்றின் நிலம் உயில் எழுதாமல் இறந்துபோன கொள்ளுத்தாத்தா பெயரிலேயே இன்னும் இருக்கிறது. வரிச்சீட்டு அவர் பெயருக்கு வருகிறது, யாரோ ஒரு பேரன் கட்டுகிறார். பக்கத்தில் ஒரு பெயர்தான் தெரியும். சட்டப்படி பத்துப் பதினைந்து ஊர்களில் சிதறிய வாரிசுகள் அத்தனை பேருக்கும் அதில் பங்கு உண்டு. அதில் ஒரே ஒருவர் தன் பங்கை வெளியாளுக்கு விற்றால், அந்த வெளியாள் நீதிமன்றம் போய் மொத்த நிலத்தையும் விற்கச் செய்ய முடிந்தது. இதைக் கட்டுப்படுத்த 2010இல் ஒரு மாதிரிச் சட்டம் வகுக்கப்பட்டு, பல மாநிலங்கள் ஏற்றுக்கொண்டிருக்கின்றன. வட கரோலினாவின் கார்ட்டரெட் கவுன்டியில் ரீல்ஸ் குடும்பத்தின் மூத்தவர் 1970இல் உயில் இல்லாமல் இறந்தார். அந்தப் பத்தாண்டின் முடிவில் உறவினர் ஒருவர் நீதிமன்றப் பதிவு மூலம் ஆற்றங்கரை நிலத்தைத் தன் பெயருக்கு ஆக்கிக்கொண்டு விற்றார். பிறந்த மண்ணை விட்டுப் போக மறுத்த சகோதரர்கள் இருவர் 2011 முதல் 2019 வரை, ஏறத்தாழ 8 ஆண்டு, சிறையில் இருந்தார்கள். எந்தக் குற்றத்துக்கும் அவர்கள் தண்டிக்கப்படவில்லை. நீதிமன்ற அவமதிப்பு மட்டும்தான். 'சில்வர் டாலர் ரோடு' என்ற 2023 ஆவணப்படம் இந்தக் குடும்பத்தைப் பற்றியது.

வரிப் பட்டியலுக்கு உரிமை கொடுக்கும் அதிகாரம் இல்லை. பறிக்கும் அதிகாரம் தாராளமாக உண்டு. ஆர்கன்சாவின் லிட்டில் ராக் நகரில் ஒருவர் 30 ஆண்டு வீட்டுக்கடன் கட்டினார். வரியைக் கடன் நிறுவனமே கட்டிவந்தது. 1997இல் கடன் தீர்ந்தது. அதற்குப் பின் வரி கட்டப்படவில்லை. அவர் அந்த வீட்டில் குடியிருக்கவும் இல்லை. அரசு அனுப்பிய பதிவுத் தபால் யாரும் வாங்காமல் திரும்பியது. அரசு வீட்டை விற்றுவிட்டது. தபால் திரும்பி வந்தது தெரிந்தும் வேறு முயற்சி எடுக்காமல் விற்றது தவறு என்று 2006இல் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. மினியாபொலிஸில் ஒரு மூதாட்டி தன் குடியிருப்புக்கு வைத்த வரிப் பாக்கி சுமார் 2,300 டாலர். வட்டியும் அபராதமும் சேர்ந்து 15,000 ஆனது. ஹென்னபின் கவுன்டி அதை 40,000 டாலருக்கு விற்று, மிச்சம் 25,000 டாலரையும் தானே வைத்துக்கொண்டது. அது அநியாயம் என்று 2023 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தபோது அவருக்கு வயது 94. வீட்டுக்கடன் முடிந்ததைக் கொண்டாடும் நம் குடும்பங்களில் எத்தனை பேர் அடுத்த வரிச்சீட்டு எந்த முகவரிக்கு வரும் என்று சரிபார்க்கிறார்கள்? வரிப் பக்கத்தை முதலில் திறந்து பார்க்க வேண்டியது இதற்காக.

'இதெல்லாம் டைட்டில் கம்பெனி பார்த்துக்கொள்ளும்' என்பது கடைசி அரண். அந்தக் கம்பெனிகள் ஏன் தோன்றின என்று கேட்டுப் பாருங்கள். 1868இல் பென்சில்வேனியாவில் ஒரு வழக்கு. உரிமை சரி என்று சொன்னவர் ஒரு பாரத்தைத் தவறாக மதிப்பிட்டார். வாங்கியவர் பணம் இழந்தார். நீதிமன்றம் அவருக்கு இழப்பீடு தரவில்லை. 1876இல் ஃபிலடெல்ஃபியாவில் முதல் டைட்டில் காப்பீட்டு நிறுவனம் பிறந்தது. 1871இல் சிகாகோ எரிந்தபோது குக் கவுன்டியின் பதிவேடுகள் சாம்பலாயின. தனியார் நிறுவனங்கள் தீயிலிருந்து காப்பாற்றிய குறிப்பேடுகளைச் சான்றாக ஏற்க இல்லினாய் சட்டம் இயற்றியது. அரசாங்கம் உரிமைக்கு உத்தரவாதம் தராத நாட்டில்தான் அந்த உத்தரவாதத்தை விற்கிற தொழில் 150 ஆண்டாகச் செழிக்கிறது. கவுன்டிப் பக்கத்தின் அச்சுப் பிரதியை வாங்கிக்கொண்டு எந்த வங்கியும் கடன் தருவதில்லை.

டைட்டில் காப்பீடு நல்லதுதான், வாங்குங்கள். வாங்கியது எது என்றும் படியுங்கள். கடன் கொடுத்தவருக்கான பாலிசி கடன் கொடுத்தவரைத்தான் காக்கும். வீட்டுக்காரருக்கான பாலிசி வேறு. இரண்டும் ஒன்று என்று நினைத்திருப்பவர்கள் நிறைய. வீட்டுக்காரர் பாலிசியிலும் விதிவிலக்குப் பட்டியல் என்று ஒன்று இருக்கும், பாதை உரிமை, கட்டுப்பாட்டு ஒப்பந்தம், கனிம உரிமை என்று. டெக்சஸில் மண்ணுக்கு அடியில் உள்ள எண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் உரிமை மேற்பரப்பிலிருந்து எப்போதோ பிரிக்கப்பட்டிருக்கலாம். அந்த உரிமைக்காரர் எடுக்க வந்தால் மேற்பரப்பைத் தேவையான அளவுக்குப் பயன்படுத்தவும் அவருக்குச் சட்டத்தில் இடம் உண்டு. வார இறுதிப் பண்ணைக்கு என்று பத்து ஏக்கர் வாங்கும் நண்பர்கள் மனையின் வரிப் பக்கத்தில் இதைக் காண முடியாது. குடும்பத்துக்குள் தம்பி பெயரைச் சேர்க்கிறேன், அம்மா பெயரை எடுக்கிறேன் என்று க்விட்கிளெய்ம் பத்திரம் எழுதுகிறவர்கள் டைட்டில் கம்பெனி வாசலையே மிதிப்பதில்லை. 'எனக்கு ஏதாவது உரிமை இருந்தால் அது உனக்கு' என்பதற்கு மேல் அந்தப் பத்திரம் எதற்கும் பொறுப்பேற்காது.

இந்த அறியாமையை வைத்துப் பிழைக்கிற கூட்டம் வேறு. எங்கள் தெருவில் புதிதாக வீடு வாங்கிய ஒவ்வொருவருக்கும் அரசு முத்திரை போலத் தோன்றும் ஒரு கடிதம் வருகிறது. உங்கள் பத்திரத்தின் நகலுக்கு உடனே நூறு டாலர் அளவில் அனுப்புங்கள் என்கிறது. பதில் தர ஒரு கெடு தேதியும் போட்டிருக்கிறது. அதே நகலைக் கவுன்டி சில டாலருக்குத் தரும், சில கவுன்டிகளில் திரையில் இலவசமாகவே பார்க்கலாம். உங்கள் உரிமையைப் 'பூட்டி வைக்கிறோம்' என்று மாதச் சந்தா கேட்கும் விளம்பரங்களும் அப்படியே. யாராலும் எதையும் பூட்ட முடியாது. உங்கள் பெயரில் ஏதாவது பதிவானால் தகவல் அனுப்புவார்கள். அந்தத் தகவலைப் பல கவுன்டிகள் இலவசமாக அனுப்புகின்றன. மக்கள் வரிப்பணத்தில் நடக்கும் பதிவேட்டை மக்களுக்கே பயமுறுத்தி விற்பது எனக்கு வயிற்றெரிச்சலாக இருக்கிறது.

திறந்த பதிவேடு வீண் என்று நான் சொல்லவில்லை. திறந்து வைத்ததைப் படிக்கத் தெரிய வேண்டும் என்கிறேன். மினசோட்டா பல்கலைக்கழகத்தின் மேப்பிங் பிரெஜூடிஸ் திட்டம் 2016இல் தொடங்கி, ஹென்னபின் கவுன்டியின் பழைய பத்திரங்களைப் பொதுமக்களின் உதவியோடு வரி வரியாகப் படித்தது. வெள்ளையர் அல்லாதவருக்கு விற்கக் கூடாது என்ற கட்டுப்பாடு எழுதப்பட்ட வீடுகள் ஆயிரக்கணக்கில் வெளியே வந்தன. அத்தகைய கட்டுப்பாட்டை நீதிமன்றம் நிறைவேற்றித் தரக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1948இல் சொல்லியிருந்தது. 1968இன் வீட்டுவசதிச் சட்டம் அதை முழுக்கச் சட்டவிரோதமாக்கியது. எழுத்து மட்டும் பத்திரத்திலேயே கிடந்தது. அந்த வீடுகளின் வரிப் பக்கத்தை ஆயிரம் முறை திறந்தாலும் அதில் ஒரு சொல் கிடைத்திருக்காது.

கவுன்டிகளுக்கும் கடமை உண்டு. வரிப் பக்கத்தில் பெயருக்குப் பக்கத்திலேயே, கடைசிப் பத்திரத்தின் பதிவு எண்ணையும் தேதியையும் போட வேண்டும். இது உரிமைச் சான்று அல்ல என்ற வரியைப் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒளித்து வைக்காமல் பெயருக்கு நேர் கீழே எழுத வேண்டும். சில கவுன்டிகள் பதிவு எண்ணையாவது தருகின்றன. மற்றவற்றால் ஏன் முடியாது?

நம் பக்கத்து வேலை இன்னும் சுலபம். ரெக்கார்டர் தளத்தில் உங்கள் பெயரை அப்பா பெயரோடு ஒருமுறை, அப்பா பெயர் இல்லாமல் ஒருமுறை, முன்பின் மாற்றி ஒருமுறை, எழுத்து மாற்றி ஒருமுறை தேடுங்கள். வாங்கிய பத்திரம், அடமானம், தீர்ந்த கடனுக்கு விடுதலைப் பத்திரம் மூன்றும் வருகின்றனவா என்று பாருங்கள். தீர்ந்த கடனின் விடுதலை பதிவாகாமல் இருந்தால் கடன் நிறுவனத்தைக் கேளுங்கள். பெயர் இரண்டு விதமாக விழுந்திருந்தால் உள்ளூர் வக்கீல் ஒருவரிடம் காட்டி, இரண்டும் ஒரே ஆள்தான் என்று உறுதிமொழிப் பத்திரம் எழுதி, நோட்டரி முன் கையெழுத்திட்டு, வீடு இருக்கும் கவுன்டியில் பதிந்து வையுங்கள். செந்தில்குமார் உயிரோடு இருக்கும்போது இது ஒரு கையெழுத்தோடு முடிகிற வேலை. அவருக்குப் பிறகு பிள்ளைகள் இதையே செய்ய வேண்டுமானால், இரண்டு நாட்டுப் பிறப்புச் சான்றிதழ்களோடும் இறப்புச் சான்றிதழ்களோடும் நீதிமன்றத்தில் நிற்க வேண்டியிருக்கும்.